2007-க்கு முன்பும் பினாங்கில் பஸ் ஓடியது

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த வீடியோவை எத்தனை பேர் எனக்கு அனுப்பினீர்கள் என்று எண்ணவே இல்லை. மூன்று தடவை பார்த்துவிட்டேன். ஜாலான் குருத்வாராவில் ஹின் பஸ் டிப்போவுக்குள் நின்றுகொண்டு அந்தத் தம்பி சொல்கிறார்: அந்தக் காலத்துத் தனியார் பஸ் எல்லாம் ஓட்டை உடைசல், முதலாளிகளுக்குக் காசுதான் குறி, 2007-இல் ரேபிட் பினாங்கு வந்த அப்புறம்தான் பினாங்குக்கு பஸ் என்று ஒன்று வந்ததாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டிப்போவை நடத்துகிறவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 1947-இல் கட்டியதை இடிக்க விடாமல், 2014-இலிருந்து ஓவியம், சந்தை என்று உயிரோடு வைத்திருக்கிறார்கள். நல்லா இருக்கட்டும். என் கோபமெல்லாம் அந்த ஒரு வரி மேல்தான்.

2007-க்கு முன்பு பினாங்கில் பஸ் இல்லையா? 1925-லிருந்து 1961 வரை, மேலே மின்கம்பியைப் பிடித்து ஓடும் டிராலி பஸ் ஓடிய ஊர் இது. அதற்கப்புறமும் டவுனுக்குள் நகராண்மை பஸ், பத்து பெரிங்கி, தெலுக் பஹாங் பக்கம் நீல பஸ், ஆயர் ஈத்தாமுக்குப் பச்சை பஸ், பாயான் லெப்பாஸ், பாலிக் பூலாவுக்கு மஞ்சள் பஸ். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி நிறத்தைப் பார்த்தே ஏறி, போன இடத்திலிருந்து பத்திரமாகத் திரும்பி வந்தார். ஒரு ஊரே அதில்தான் வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனது.

என் அப்பா அப்படி ஒரு சின்ன குடும்பக் கம்பெனியில் 22 வருஷம் கண்டக்டர். பெயர் வேண்டாம். தவுக்கே, அதாவது சீன முதலாளி, அவர் மனைவி, இரண்டு மகன்கள், அவ்வளவுதான் ஆபீஸ். பெரிய மகன் எஞ்சினுக்கு அடியில் படுத்திருப்பான், சின்னவன் கணக்கு. ராத்திரி பஸ் திரும்பியதும் தவுக்கே மனைவி மேசை மேல் சில்லறையைக் கொட்டி, இருபது காசு தனி, பத்து காசு தனி என்று அடுக்கி, பழைய சீனப் பத்திரிகையில் உருட்டி உருட்டிக் கட்டுவார். அந்த உருளைகளில்தான் மறுநாள் டீசல், மாசக் கடைசியில் எங்கள் வீட்டு அரிசி. நாள் முழுக்கக் காசைத் தொட்டு அப்பாவின் விரல்நுனி கறுத்தே கிடக்கும். எந்தச் சோப்புக்கும் போகாது. அதனாலேயே சாப்பாட்டைக் கையால் தொட மாட்டார், கரண்டிதான். வேலையை விட்டு இத்தனை வருஷமாகியும் கரண்டிதான்.

கடைசி பஸ்சில் தினமும் கூடையோடு வரும் ஒரு மாக்சிக், மலாய்க்கார அம்மா, இருந்தார். அவர் ஏறவில்லை என்றால் அப்பா பஸ்சின் தகரத்தை இரண்டு தட்டு தட்டுவார். நில் என்று அர்த்தம். டிரைவர் கேள்வி கேட்காமல் நிற்பார். மாக்சிக்கோடு மலாய், தவுக்கேயோடு ஹொக்கியன், எங்களோடு தமிழ். இதையா ஓட்டை உடைசல் என்கிறீர்கள்?

"பஸ் புகை கக்கியது, நேரத்துக்கு வரவில்லை, ஒரே ரோட்டில் இரண்டு கம்பெனி போட்டி போட்டு ஓட்டியது" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். உண்மைதான், இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? ஆனால் ஏன் அப்படி ஆனது என்று ஒருவராவது கேட்டீர்களா? டிக்கெட் விலையைத் தவுக்கே நினைத்த மாதிரி ஏற்ற முடியாது, அதற்கு லைசென்ஸ் வாரியம் தலையாட்ட வேண்டும். டீசலும் டயரும் யாரையும் கேட்டு விலை ஏறவில்லை. 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழில்பேட்டை வந்தது, பாக்டரிகள் தங்கள் ஆட்களைத் தனி பஸ் வைத்து ஏற்றிக்கொண்டன. 1985-இல் புரோட்டோன் சாகா கார் வந்தது. கார் வாங்க முடியாதவர் மோட்டார் சைக்கிள் வாங்கினார். காலியாக ஓடும் பஸ்சுக்கு எந்தக் காசில் புது எஞ்சின் போடுவது?

"ரேபிட் பினாங்கு நன்றாகத்தானே ஓடுகிறது" என்பது அடுத்தது. நானும் அதன் 101-ஆம் நம்பர் பஸ்சில்தான் தெலுக் பஹாங் போகிறேன், ஏர்கோன் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அரசாங்கத்தின் பிரசாரானா கம்பெனி. டிக்கெட் காசை மட்டும் நம்பி வாழ்ந்த ஒரு குடும்பத்தை அதன் பக்கத்தில் நிறுத்தி, பார் எவ்வளவு மோசம் என்றால் அது நியாயமா?

சரி, பஸ்சை விடுங்கள். 2008-இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனைப் பாரம்பரிய நகரம் என்றதிலிருந்து இங்கே எல்லாரும் பாரம்பரியம் பேசுகிறார்கள். ஆர்மீனியன் தெருவில் சைக்கிள் ஓவியத்துக்கு முன்னால் வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள். கட்டடத்துக்கு மரியாதை, சுவருக்கு மரியாதை. அந்த ஊரைக் காலையிலிருந்து ராத்திரி வரை ஏற்றி இறக்கிய டிரைவர், கண்டக்டர், செக்கர் பெயரை எந்தச் சுவரிலாவது பார்த்தீர்களா? எங்கள் அப்பாக்கள் அதில் எவ்வளவு பேர்! பெயர்தான் இல்லை, இருந்ததையே இல்லை என்றும் சொல்ல வேண்டுமா?

அந்த வீடியோவை அக்கா மகன் தெரியாமல் அப்பாவிடம் காட்டிவிட்டான். முழுசாகப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மணி அப்போது ஆறுகூட ஆகவில்லை.

தம்பி, அந்த ஒரு வரியை வெட்டிவிட்டு வீடியோவைத் திரும்பப் போடுங்கள். மற்றதெல்லாம் இருக்கட்டும். அப்பாவிடம் பழைய டிக்கெட்டுக் கட்டு ஒன்றும் பஞ்ச் கருவியும் ஒரு மைலோ டின்னில் இன்னும் இருக்கின்றன. நாலு மணிக்கு மேல் வந்தால் எடுத்துக் காட்டுவார். விலாசம் கேட்டு எனக்கு மெசேஜ் போடுங்கள்.