மலரை அவுட்லைன் ஆக்கிக் கொல்லாதீர்கள்

ரங்கூனில் டிசைன் வேலை பார்க்கிற எங்களிடம் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. வேலை முடிந்ததும் எழுத்து அத்தனையையும் அவுட்லைன் ஆக்கி, அதாவது தேடவோ திருத்தவோ முடியாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, பிடிஎஃப் எடுத்து, வைபர் செயலியில் அச்சகத்துக்குத் தட்டிவிடுவோம். அச்சகமும் அப்படித்தான் கேட்கிறது. கல்யாணப் பத்திரிகைக்குச் சரி. கடைப் பலகைக்கும் சரி. கோயில் கும்பாபிஷேக மலருக்கும் அதையே செய்வது அநியாயம் என்பது என் கட்சி.

பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பர்மிய எழுத்துக்கு ஜோஜி என்ற பழைய குறியீட்டு முறை ஒரு பக்கம், உலகப் பொதுத் தரமான யூனிகோட் ஒரு பக்கம். இரண்டும் ஒரே குறியீட்டு எண்களை வெவ்வேறு விதமாகப் பயன்படுத்துவதால், நாம் ஒன்றில் அடித்ததை அச்சகத்துக் கணினி இன்னொன்றில் திறந்தால் எழுத்து சிதறிப்போகும். அந்தப் பயத்தில் எழுத்தையே படமாக்கி அனுப்பப் பழகினோம். 2019 அக்டோபர் 1-ல் நாடே யூனிகோடுக்கு மாறுவதாக அறிவிப்பு வந்தது. பயம் மட்டும் மாறவில்லை.

எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்றுதானே 1993-ல் அடோபி பிடிஎஃப்பைக் கொண்டுவந்தது? ஃபான்ட்டைக் கோப்புக்குள்ளேயே எம்பெட் செய்துவிட்டால் அச்சகத்தில் அந்த ஃபான்ட் இருக்கிறதா இல்லையா என்ற கவலையே வேண்டாம். பக்கம் வடிவமைக்கிற இன்டிசைன் மென்பொருளில், அச்சுக்கான பிடிஎஃப் தரமான பிடிஎஃப்/எக்ஸ்-4-ஐத் தேர்ந்தெடுத்து எடுங்கள். ஃபான்ட் உள்ளே இருந்தே ஆக வேண்டும் என்பது அந்தத் தரத்தின் விதி. பிறகு பிடிஎஃப்பைத் திறக்கிற அக்ரோபேட்டில் கன்ட்ரோல்-டி அழுத்தி ஃபான்ட்ஸ் பகுதியைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'எம்பெடட் சப்செட்' (பயன்படுத்திய எழுத்துகள் கோப்புக்குள் இருக்கின்றன) என்று இருந்தால் நிம்மதியாக அனுப்பலாம். சில ஃபான்ட்டுகளின் உரிமம் எம்பெட் செய்ய விடாது. அப்போது அந்தத் தலைப்பை மட்டும் அவுட்லைன் ஆக்கலாம் (அதையும் தடுக்கிற ஃபான்ட்டுகள் உண்டு), அல்லது நோட்டோ மாதிரி இலவச ஃபான்ட்டுக்கு மாறலாம்.

அச்சில் எழுத்து கெடுவதற்குப் பெரும்பாலும் ஃபான்ட் காரணமே இல்லை, நிறம்தான். வேர்டில் அடித்த கறுப்பு, திரைக்கான ஆர்ஜிபி நிறமாக வந்து, அச்சின் நான்கு மையாகப் பிரிந்துவிடும். எந்த மை எவ்வளவு என்று காட்டும் அக்ரோபேட்டின் அவுட்புட் ப்ரிவ்யூவைத் திறந்து எழுத்தின் மேல் மவுஸை வைத்தால் சியான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்பது போலச் சதவீதத்தில் காட்டும். சின்ன எழுத்தில் இது வந்தால், அச்சுத் தட்டு மயிரிழை விலகினாலும் 'ணை', 'று' சுழியெல்லாம் அடைத்துக்கொள்ளும். கறுப்பு மட்டும் 100, மற்றது மூன்றும் பூஜ்யம் என்று இருக்க வேண்டும். அவுட்லைன் ஆக்கினால் இந்தக் கோளாறு தீராது. அப்படியே உறைந்துபோகும்.

அதைவிடக் கொடுமை, சிலர் அவுட்லைன் ஆக்கிய கோப்பையே சேமித்து மூடிவிடுகிறார்கள். மூலமும் போச்சு. கரன்ட் போய் ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவில் "உபயதாரர் இனிஷியல் தப்பு" என்று போன் வந்தால், அந்தப் பக்கத்தை முதலிலிருந்து அடிக்க வேண்டியதுதான்.

ஆனால் என் உண்மையான கோபம் வேறு. 1960-களில் இங்கே தமிழ்ப் பத்திரிகைகள் நிறுத்தப்பட்ட பிறகு நம்மவர்களைப் பற்றித் தமிழில் அச்சானது பெரும்பாலும் கோயில் மலரிலும் சங்க மலரிலும்தான். யார் எந்தக் கிராமத்திலிருந்து கப்பலேறினார், மண்டபத்துக்கு யார் பணம் கொடுத்தார் என்பதெல்லாம் அந்த உபயதாரர் பட்டியலில்தான் கிடக்கிறது. அதை அவுட்லைன் ஆக்கிவிட்டால் கணினிக்கு அது வெறும் கோடு. நாளைக்கு ஒரு பேத்தி தாத்தா பெயரைத் தேடினால் ஒன்றும் வராது.

எம்பெட் செய்தாலே எல்லாம் முடிந்தது என்றும் சொல்ல மாட்டேன். தமிழ் இதில் கொஞ்சம் தகராறு பிடிக்கும். பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்திருந்தால் பார்க்கத் தமிழ், நகலெடுத்தால் ஆங்கிலக் கிறுக்கல். யூனிகோடில் அடித்தாலும், பிடிஎஃப் எடுக்கும் மென்பொருள் சரியில்லை என்றால் கொம்பு முன்னால் போய் நின்றுகொள்ளும். 'கொடை' என்று தேடினால் கிடைக்காது. இன்டிசைனில் தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோர்க்கிற வேர்ல்ட்-ரெடி கம்போஸர் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். முடிந்த கோப்பில் பத்துப் பெயரையாவது தேடிச் சோதியுங்கள். திருத்தம் வந்தால் அக்ரோபேட்டில் கை வைக்காமல் மூலத்தில் திருத்தி மறுபடி எடுங்கள்.

அச்சகம் அவுட்லைன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அவர்களுக்குத் தனியாக ஒரு நகல் கொடுத்துவிட்டுப் போங்கள், சண்டை வேண்டாம். எழுத்து உயிரோடு இருக்கிற பிடிஎஃப் கோயிலுக்குப் போகட்டும்.

மலர்க் குழுவில் இருக்கிற பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிசைனருக்குக் கடைசித் தவணை கொடுப்பதற்கு முன்னால் அந்தக் கோப்பைத் திறந்து உங்கள் அப்பா பெயரைத் தேடிப் பாருங்கள். வந்தால் காசு கொடுங்கள். வராவிட்டால் திருப்பி அனுப்புங்கள். எங்கள் ஆட்கள் திட்டிக்கொண்டேதான் செய்வார்கள், ஆனால் செய்துவிடுவார்கள்.