67 நிமிஷம் குடுங்க, அப்புறம் பேசுங்க

அந்த ரீலை பாக்காதவங்க யாரும் என் லிஸ்ட்ல இருக்க மாட்டீங்க, மூணு நாளா ஆளாளுக்கு எனக்கே பார்வேர்ட் பண்ணிட்டு இருக்கீங்க. அதனால என்ன நடந்துச்சுனு மறுபடி முதல்ல இருந்து சொல்லப் போறதில்ல. தெரியாதவங்களுக்கு ஒரே வரி: எங்க மொட்டமாடி கூட்டத்துல நான் போட்ட ஒரு மெட்டல் பாட்டுல இருந்து, பாடறவர் கர்ஜிக்கிற இடத்தை மட்டும் எடுத்து கேலியா போட்ட ரீல் அது. ஒண்ணே ஒண்ணுதான். அது 40 செகண்ட் வீடியோ. அந்தப் பாட்டு கிட்டத்தட்ட 11 நிமிஷம். அது இருக்குற ஆல்பம் 67 நிமிஷம். நீங்க எல்லாரும் கேட்டு சிரிச்சது 40 செகண்ட்.

மாசம் ஒருத்தர் ஒரு ஆல்பம் போடணும், மத்தவங்க வாயத் திறக்காம முழுசா கேக்கணும். அந்த மொட்டமாடி கூட்டத்துக்கு இருந்த ஒரே ரூல் அதுதான். ஏழு மாசம் நான் அந்த ரூலை காப்பாத்தினேன். கஜல் போட்டாங்க, ஒரு வார்த்தை புரியாம ஒன்றரை மணி நேரம் உக்காந்திருந்தேன், கடைசில கண்ணு கலங்குச்சு. ஜாஸ் போட்டாங்க, கேட்டேன். எட்டாவது மாசம் என் முறை வந்துச்சு. எதைப் போடறதுனு ரெண்டு வாரம் யோசிச்சு, வேற எதுவும் மனசுக்கு வராம, ஓபெத்னு ஒரு ஸ்வீடன் மெட்டல் பேண்டோட 'ப்ளாக்வாட்டர் பார்க்' எடுத்துட்டுப் போனேன். முதல் பாட்டு பாதில ரெண்டு பேர் பஜ்ஜி வாங்க எந்திரிச்சுப் போனாங்க. சரி, பசிக்குதுனு விட்டேன். நாலாவது பாட்டு 'த ட்ரேப்பரி ஃபால்ஸ்' வந்தப்ப ஒருத்தர் ஸ்பீக்கர் பக்கத்துல இருந்த போனை எடுத்து, பாட்டை நடுவுல இழுத்து, சரியா அந்தக் கர்ஜனை வர்ற இடத்துல விட்டு, இன்னொரு கையில வீடியோ எடுத்தாரு.

அந்த இடத்துக்கு வர்றதுக்கு முன்னாடி அந்தப் பாட்டுல என்னென்ன இருக்கு தெரியுமா? ஒரு கிதார் ஒரே மெட்டை விடாம இழுத்துட்டே வரும், தூரத்துல யாரோ கூப்பிடற மாதிரி. அப்புறம் குரல் வரும், சாதாரண குரல், ரொம்ப மெதுவா, பக்கத்து ரூம்ல தூங்கறவங்களை எழுப்பிடக் கூடாதுனு பாடற மாதிரி. சில நிமிஷம் அப்படியே போகும். பாதிக்கு பக்கத்துலதான் அந்தக் கர்ஜனை. அது வந்து, அடிச்சு, சுத்தி, கடைசில முதல்ல வந்த அதே மெட்டு திரும்ப வரும். ஆனா அப்ப அது வேற மெட்டு மாதிரி கேக்கும். நடுவுல நடந்ததெல்லாம் அதுக்குள்ள ஏறி இருக்கும். அந்த நடுவை மட்டும் தனியா வெட்டி எடுத்துட்டு, பாருங்க நாய் குரைக்குதுனு போட்டா என்னங்க அர்த்தம்?

கமெண்ட்ஸ் எல்லாம் படிச்சேன். ஒண்ணு விடாம படிச்சேன். "பேய் ஓட்றாங்களா", "யாராச்சும் சோடா குடுங்கப்பா", "இதுக்கு மிக்ஸி சத்தம் தேவல". பாடற ஆளு பேரு மிக்கேல் ஓகர்ஃபெல்ட். மெதுவா பாடறதும் அவர்தான், கர்ஜிக்கிறதும் அவர்தான். ரெண்டு பேர்னு நினைச்சுதான் நிறைய பேர் முதல் தடவ கேப்பாங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன். அது கத்தறது இல்ல. பேசறதுக்கும் பாடறதுக்கும் நம்ம பயன்படுத்துற குரல்நாணுக்கு மேல, பொய்க் குரல்நாண்னு ஒரு ஜோடி மடிப்பு இருக்கு, அதையும் சேத்து அதிர வச்சுக் கொண்டு வர்ற குரல். சும்மா கத்திப் பாருங்க, பத்து நிமிஷத்துல தொண்டை கட்டிரும். அந்த ஆளு அதை வருஷக்கணக்கா மேடையில பண்ணாரு. நடுவுல 2011ல இருந்து ஆல்பத்துல அந்தக் குரலை நிறுத்தியே வச்சிருந்தாரு, ரசிகருங்க கோவிச்சுக்கிட்டாங்க, அவர் அசையல. 2024ல வந்த ஆல்பத்துலதான் திரும்ப எடுத்தாரு. எப்ப வேணும் எப்ப வேணாம்னு யோசிச்சு யோசிச்சு ஒரு கலைஞன் வச்சிருக்குற குரல் அது. மிக்ஸியாம்.

நான் செஞ்சி பக்கத்து கிராமம். சின்ன வயசுல துரௌபதி அம்மன் கோயில் திருவிழானா ராத்திரி பூரா கூத்து. பத்து மணிக்கு பாயும் போர்வையும் எடுத்துட்டுப் போய் இடம் புடிப்போம், விடியறப்பதான் வீட்டுக்கு வருவோம். கட்டை வேஷம் கட்டி துரியோதனன் வருவாரு பாருங்க, ரெண்டு பேர் திரையைப் புடிச்சிட்டு நிப்பாங்க, அதுக்குப் பின்னாடி இருந்து முதல்ல குரல்தான் வரும். அடி வயித்துல இருந்து ஒரு சத்தம். நான் அப்பா மடில மூஞ்சியைப் புதைச்சுக்குவேன். அப்பா காதுகிட்ட, "பாரும்மா, அவன் சாகப் போறான், அது அவனுக்கே தெரியும், அதான் அப்படிக் கத்தறான்"னு சொன்னாரு. எனக்கு அப்ப ஆறோ ஏழோ வயசு. ஒரு மனுஷன் எதுக்கு அப்படி ஒரு குரல்ல கத்தணும்ங்கறதுக்கு அதை விட நல்ல விளக்கத்தை நான் இன்னிக்கு வரைக்கும் எங்கயும் படிச்சதில்ல. அந்தத் துரியோதனன் குரலை 40 செகண்ட் வெட்டிப் போட்டா அதுவும் உங்களுக்குக் காமெடியாத்தான் தெரியும். விடிய விடிய உக்காந்து பாத்த சனங்க அது. நீங்க 67 நிமிஷத்துக்கு நெளியறீங்க.

இதுக்கு உடனே ஒருத்தர் வருவாரு, கூத்து நம்ம கலை, இது எவனோ ஸ்வீடன்காரன் கலை, ரெண்டையும் ஏன் முடிச்சு போடறனு. கஜல் மட்டும் செஞ்சிலயா பொறந்துச்சு? அன்னிக்கு மொட்டமாடில யாரும் அதைக் கேக்கலையே. அந்த ஆல்பத்துல இருக்குறதே பல ஊர் கலப்பு. பாடறவரும் இன்னொரு கிதார் பீட்டர் லிண்ட்கிரனும் ஸ்வீடன், பேஸும் ட்ரம்ஸும் வாசிச்ச, மார்ட்டின்னே பேரு வச்ச ரெண்டு பேருக்கும் வேர் உருகுவேல. பேண்டோட சேந்து தயாரிச்சவர் ஸ்டீவன் வில்சன், இங்கிலாந்துல போர்க்குபைன் ட்ரீனு ஒரு பேண்ட்ல வேற மாதிரி பாட்டு பண்ணிட்டு இருந்தவரு. 2000ல கோத்தென்பர்க்ல ரெக்கார்ட் பண்ணி 2001ல வெளிய வந்துச்சு. ஆல்பத்துக்கு வச்ச பேரே 1972ல ஒரே ஒரு ஆல்பம் போட்டு காணாமப் போன ஒரு ஜெர்மன் பேண்டோட பேரு. யாரும் கேக்காமப் போனதைக் கூட தேடிக் கேட்டவங்க பண்ண ஆல்பம்ங்க அது. அதை எவனோன்னு சொல்றீங்க.

அடுத்து, ரசனை ஆளுக்கு ஆள் வேற, புடிக்கலனா புடிக்கலனு சொல்லக் கூடாதாம்பீங்க. தாராளமா சொல்லுங்க. முழுசா கேட்டுட்டு புடிக்கலனு சொல்ற ஆள் கையைப் புடிச்சு நன்றி சொல்லுவேன். எனக்கே முதல் தடவ புடிக்கல. காலேஜ் ரெண்டாம் வருஷம், கூடப் படிச்ச பையன் ஒருத்தன் இதே ஆல்பத்தை சிடில ரைட் பண்ணிக் குடுத்தான், மூணு நாள் கேட்டுட்டு திருப்பிக் குடுக்கப் போனேன். அவன் வாங்கிக்கல, "இன்னும் நாலு தடவ கேளு"ன்னான். அந்த நாலாவது தடவதான் 'ஹார்வெஸ்ட்' என்னை நிறுத்துச்சு. அதுல கர்ஜனையே கிடையாது, பெரும்பாலும் அகூஸ்டிக் கிதாரும் மெதுவான பாட்டும்தான். சாவைப் பத்தின பாட்டு, ஆனா அவ்வளவு அழகு. அந்த அழகு அதுக்கு முன்னாடி வந்த 'ப்ளீக்'கோட கனத்துக்கு அப்புறம் வர்றதாலதான் அப்படி இருக்குனு புரிஞ்சப்ப, கர்ஜனை இல்லாத பாட்டை மட்டும் தனியா பொறுக்கி வைக்கிற வேலையை விட்டுட்டேன்.

அப்ப என்கிட்ட இருந்த இயர்போன்ல வலது பக்கம் வேலை செய்யாது. ஒரு செமஸ்டர் பூரா ஒத்தக் காதுலதான் கேட்டேன். அப்புறம் பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு வர்றப்ப அப்பா குடுத்த காசுல பஸ் ஸ்டாண்டுல 120 ரூபாய்க்கு புதுசு ஒண்ணு வாங்கி மாட்டினேன். திண்டிவனம் தாண்டுறதுக்குள்ள 'த லெப்பர் அஃபினிட்டி' ஓட ஆரம்பிச்சுது, அப்பதான் தெரிஞ்சுது, அந்தப் பக்கம் இன்னொரு கிதார் இருக்கு. இத்தனை மாசம் எனக்கு மனப்பாடமா இருந்த பாட்டுல பாதி ஆளே எனக்குத் தெரியாம இருந்திருக்கான். இடது பக்கம் ஒண்ணு கேள்வி கேக்குற மாதிரி போனா வலது பக்கம் வேற ஒண்ணு வேற வழியில போகுது. அந்தப் பாட்டு கடைசில தனியா ஒரு பியானோ வரும், அது முடியறப்ப ஜன்னல் கம்பியைப் புடிச்சிட்டு அழுதுட்டு இருந்தேன், பக்கத்து சீட்டு அம்மா "ஊரை விட்டு வர்றியா கண்ணு"னு கேட்டு ஒரு கொய்யாக்கா குடுத்தாங்க.

2009ல ஐஐடியோட கலைவிழா சாரங்குக்கு ஓபெத் சென்னைக்கே வந்தாங்க. நாங்க இருந்த ஊருக்கு. எங்க லேடீஸ் ஹாஸ்டல் கேட்டை ஆறரைக்கு பூட்டிருவாங்க. வார்டன்கிட்ட போய் நின்னேன், அந்த சிடியைக் காட்டினேன், அட்டையில மூடுபனில மரங்களுக்கு நடுவுல நிழல் மாதிரி ஆளுங்க நிக்கிறதைப் பாத்துட்டு "பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்கு"ன்னாங்க. க்ளாஸ் பசங்க போயிட்டு வந்தாங்க. எனக்கு சிடி குடுத்தவன் மறுநாள் குரல் போய் விசிலாத்தான் பேசினான், ஒவ்வொரு பாட்டா சொல்லிக் காட்டினான். நான் சிரிச்சிட்டேதான் கேட்டேன்.

அந்த "உனக்கு எதுக்கு" இன்னும் போகல. ரீலுக்குக் கீழ ஒருத்தர், "பொண்ணுங்க இதெல்லாம் கேக்கறது ஒரு சீனு"னு எழுதி இருக்காரு. 17 வருஷமா யாருக்குங்க சீன் போடுவாங்க? ராத்திரி ரெண்டு மணிக்கு இருட்டுல யாருக்கு?

நேரமில்லைங்கறவங்களுக்கு பதில் கிடையாது. எல்லாருக்கும் எல்லாத்துக்கும் நேரம் இருக்கு.

வார்த்தை புரியலைங்கறாங்க. எங்கப்பா 2014ல தவறினாரு. அத்தை தெருமுனையில இருந்தே மாரடிச்சுக்கிட்டு வந்துச்சு. அந்த ஒப்பாரில பாதி வார்த்தை எனக்குப் புரியல, அழுகையில சொல் எல்லாம் ஒடஞ்சு ஒடஞ்சு வருது, தொண்டையில இருந்து என்னென்னவோ சத்தம் வருது. யாராவது "அத்தை, வார்த்தை தெளிவா இல்ல"னு சொன்னோமா? அதுக்கு முன்னாடி ஒன்பது நாள் ஆஸ்பத்திரில ஐசியூ வாசல்ல இருந்தேன். ராத்திரி பெஞ்சுல உக்காந்து அதே ஆல்பத்துல இருக்குற 'டர்ஜ் ஃபார் நவம்பர்' மட்டும் திரும்பத் திரும்பக் கேப்பேன். மெதுவா ஆரம்பிக்கும், நடுவுல அவ்வளவும் இடிஞ்சு விழும், அப்புறம் கடைசி ரெண்டு நிமிஷத்துக்கு மேல வெறும் கிதார் மட்டும் தனியா மெதுவா போயிட்டே இருக்கும், யாரும் ஒண்ணும் பேச மாட்டாங்க. அந்த நேரத்துல எனக்கு எவ்வளவோ பேர் ஆறுதல் சொன்னாங்க, எல்லாரும் நல்ல மனசோடதான் சொன்னாங்க, ஆனா என்னால கத்த முடியாததை எனக்காக ஒருத்தர் கத்திட்டு, அப்புறம் என் பக்கத்துல சும்மா உக்காந்திருந்தது அந்தப் பாட்டு மட்டும்தான். அந்தக் குரலைத்தான் நீங்க சோடா குடுக்கச் சொன்னீங்க.

நீ பெரிய ரசனைக்காரி, எங்களையெல்லாம் மட்டம் தட்டறனு ஒரு தம்பி மெசேஜ் பண்ணி இருந்தான். தம்பி, ஏழு மாசம் உன் ஆல்பம் உட்பட எல்லாத்தையும் முழுசா கேட்டவ நான். நீ போட்டதை நடுவுல இழுத்து விட்டு வீடியோ எடுத்தேனா? நான் மட்டம் தட்டறேனா?

இதைச் சொல்லாம இந்தப் பதிவை முடிக்க முடியாது. வீடியோவை நல்லா பாத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், கடைசி அஞ்சு செகண்ட்ல கேமரா என் பக்கம் திரும்புது. நான் சிரிக்கிறேன். எல்லாரும் சிரிக்கிறப்ப நானும் சிரிச்சேன். "ஐயோ வேற போடுங்க அண்ணே"னு சொல்றது கூட கேக்கும், அது என் குரல்தான். வீடியோ எடுத்த அண்ணன் மேல இருக்குற கோவத்தை விட அதுதான் மூணு நாளா தூங்க விடல. பஸ்ல கொய்யாக்காவைக் கையில வச்சிட்டு அழுதவ, ஆஸ்பத்திரி பெஞ்சுல அதைக் கட்டிப் புடிச்சிட்டு இருந்தவ, பத்து பேர் சிரிச்சதும் அதை விட்டுக் குடுத்துட்டேன். அண்ணே, நீங்க இதைப் படிப்பீங்கனு தெரியும். ரீலை எடுங்கனு கேக்கல, அது இருக்கட்டும். ஆனா "வேற போடுங்க"னு நான் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கிக்கிறேன்.

வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க வீட்ல அதே ஆல்பம், முதல் பாட்டுல இருந்து. அண்ணன், தம்பி, சோடா கேட்டவங்க எல்லாரும் வரலாம். போனை செருப்பு ஸ்டாண்ட் மேல வச்சிட்டு வாங்க. டீயும் பஜ்ஜியும் அஞ்சே முக்காலுக்கே குடுத்துருவேன். நடுவுல எந்திரிச்சுப் போறவங்க மெதுவா கதவைச் சாத்திட்டுப் போங்க, கோவிச்சுக்க மாட்டேன். இருக்குறவங்க கடைசி பாட்டு முடிஞ்சு அந்த கிதார் நிக்கிற வரைக்கும் இருங்க. யாருமே வரலனாலும் ஆறு மணிக்கு போட்டுருவேன்.