ஊசி போட்ட மனுசனை விடேலாதாம்!

பிள்ளை பெறப் போன ஆசுப்பத்திரியில துணைக்கு ஒருத்தரையும் விடேல்ல எண்டு சொன்னா, "கொரோனா நேரம் எல்லாருக்கும் அப்பிடித்தானே பிள்ளை" எண்டு சொல்லிக்கொண்டு வாறாக்களைக் கண்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வருது. 2021 செப்டம்பர்ல, ஊரடங்குக்குள்ள, திருகோணமலையில மூத்தவனைப் பெத்தவள் நான். என்னட்டக் கேளுங்கோ.

இவருக்கு சைனோபாம் கொரோனா ஊசி ரெண்டும் போட்டாச்சு, கார்ட் கையில இருக்கு. எனக்கு அன்டிஜன் டெஸ்ட் நெகட்டிவ். ஒரே வீட்டில ஒரே பாயில கிடந்த மனுசனிட்ட, என்னட்ட இல்லாத கொரோனா எங்கால வந்தது? "உள்ளுக்கு விடேலாது." அவ்வளவுதான். வலியோட பையையும் நானே தூக்கிக்கொண்டு போனன்.

உள்ளுக்குப் போனா கட்டிலுக்கும் கட்டிலுக்கும் ஒரு முழம் இல்லை. நிலாவெளி, மூதூர், கிண்ணியா எண்டு எல்லா ஊர்ப் பிள்ளைத்தாச்சியும் ஒரே பாத்ரூமுக்கு லைன்ல நிக்கிறம். அங்க வராத கிருமி, என்ர நாரியைத் தடவிவிட வாற அம்மாவோட மட்டும் வருமாம்!

நேர்ஸ் மிஸ்மாரை நான் குறை சொல்லேல்ல. மாஸ்க்குக்கு மேல ஷீல்டும் போட்டு வேர்க்க விறுவிறுக்க ஓடித் திரிஞ்சவை. வேலைக்கு ஆள் காணாத இடத்தில பக்கத்தில துணைக்கு ஒரு ஆளை விட்டா, ஒரு மிடறு தண்ணி பருக்க அவையைக் கூப்பிடத் தேவையில்லையே. துணை இருந்தா வலிநேரமும் குறையும், சிசேரியனும் குறையும் எண்டு ஆராய்ச்சியே இருக்கு. கொரோனா வந்த தாய்க்குக்கூட அவள் விரும்புற ஆள் பக்கத்தில நிக்கலாம் எண்டு உலக சுகாதார நிறுவனம் 2020லயே சொல்லிட்டுது. அந்தக் கடதாசிக்கும் கேட்டில பாஸ் குடுக்கேல்லப் போல.

சாப்பாட்டுக் கதை இன்னும் மோசம். அம்மா விடியப்புறம் எழும்பி மிளகு, சீரகம், உள்ளி அரைச்சுச் சரக்குக்கறி வைப்பா. இவர் பொலிஸ் மறிக்கிற இடமெல்லாம் காரணம் சொல்லிக் கொண்டு வந்து, பாசல்ல பேர், வாட்டு, கட்டில் நம்பர் எல்லாம் மார்க்கரால எழுதிக் குடுப்பார். அது வாசல் மேசையில கிடந்து, பச்சைத்தண்ணியாக் குளிர்ந்து, மத்தியானம் திரும்பித்தான் என்ர கைக்கு வரும். ஒருநாள் ஆற்றையோ இடியப்பம் வந்துது. என்ர கறியைத் திண்டவவும் பச்சை உடம்புக்காரிதானே, நல்லா இருக்கட்டும்.

மகன்ர முகத்தை இவர் முதல் பாத்தது வாட்ஸ்அப்பில. அதுவும் போனுக்குச் சார்ஜ் போட, வாட்டில இருந்த ஒரேயொரு பிளக்குக்கு அடிபட்டு.

சரி, நோய்க்காலம் எண்டு அதையும் விழுங்கினன். ஆனா 2022ல என்ர மச்சாள் பிள்ளை பெறப் போக, அதே வாசல்ல அதே கதை! ஊரடங்கு எடுத்து எத்தினை மாதம்? பெற்றோல் கியூவில ஊரே தோளோட தோள் ஒட்டிக்கொண்டு நிண்ட வருசம் அது. அங்க நிக்கலாம், லேபர் றூமில பெத்த தாய் நிக்கக்கூடாது.

கேட்டா, "சேர்குலர் இருக்கு." எந்தச் சேர்குலர், ஆற்ற கையெழுத்து, எப்ப வந்தது? ஒருத்தருக்கும் தெரியாது. காட்டுங்கோ எண்டா, "நாளைக்கு வாங்கோ."

நாளைக்கு வந்தா பிள்ளை பிறந்திடும் ஐயா!