நமக்கு இந்தி, அவர்களுக்குத் தமிழ்

இந்தித் திணிப்பு பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நாம் தவறாமல் எடுத்து வைக்கிற கணக்கு ஒன்று உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தி பேசுவோர் 52 கோடி என்கிறார்களே, அதில் போஜ்புரி பேசுகிற 5 கோடிப் பேரும் சேர்த்தி, ராஜஸ்தானியும் சேர்த்தி என்று. நானே பத்துமுறை பகிர்ந்திருப்பேன். சரியான வாதம்தான்.

அதே அட்டவணையில் தமிழ் என்ற தலைப்புக்குக் கீழே பாருங்கள். இருளர் மொழி என்று ஒரு வரி இருக்கும். சுமார் 12 ஆயிரம் பேர். அவர்களையும் தமிழ் பேசுவோர் கணக்கில்தான் கூட்டியிருக்கிறார்கள். இதைப் பற்றி நம்மில் யாரும் மீம் போட்டதில்லை. செக் நாட்டுத் தமிழறிஞர் என்று நாம் தூக்கி வைத்துக் கொண்டாடும் கமில் சுவலபில், 1970களில் இருளர் மொழியைத் தனியாக ஆராய்ந்து நூல் எழுதினார். தமிழைப் பற்றி அவர் எழுதியது மட்டும்தான் நம் கண்ணில் பட்டது போல.

நான் நீலகிரியில் படித்தவன். ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் இருளர் பையன். ஒருநாள் பதில் சொல்லும்போது அவன் வீட்டுப் பேச்சு வாயில் வந்துவிட்டது. "ஒழுங்கா தமிழ்ல பேசுடா" என்றார் ஆசிரியர். வகுப்பே சிரித்தது. நானும்தான். அப்புறம் அந்த வருடம் முழுக்க அவன் தானாக வாய் திறந்ததாக ஞாபகம் இல்லை.

எழுத்தே இல்லாததை எப்படி மொழி என்பது என்று கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். நீலகிரிப் பழங்குடியான தோடர் மொழிக்கும் எழுத்து இல்லைதான். ஆனால் நம்மிடம் இருப்பது ர, ற என்று இரண்டு. தோடர் மொழியில் நாக்கு அதிர்கிற ரகர ஒலிகள் மட்டுமே ஆறு என்று ஒலியியல் ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள். நம் எழுத்தில் அடங்காததற்கு அந்த மொழி என்ன செய்யும்? பேசுவோர் இரண்டாயிரம் பேர் அளவுதான். பத்தாயிரத்துக்குக் கீழே போனால் கணக்கெடுப்பில் தனி வரியே கிடையாது, 'பிற' என்று ஒரு மூட்டை, அவ்வளவுதான்.

ஊர்ப் பெயரையும் விட்டுவைக்கவில்லை. தோடர் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். ஊட்டக்கமண்ட் என்று வெள்ளைக்காரன் வாய்க்கு வந்தபடி எழுதினாலும் வாலில் அந்த மந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நாம் உதகமண்டலம் ஆக்கினோம். மந்து போய் மண்டலம் வந்தது. அது தமிழ்ச் சொல்கூட இல்லை என்பது தனிக் கதை.

தமிழ் வேண்டாம் என்று மலையில் யாரும் சொல்லவில்லை. ஆபீஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் தமிழ் வேண்டும், நன்றாகவே பேசுகிறார்கள். நான் கேட்பது முதல் இரண்டு மூன்று வகுப்புகளை மட்டும். பிள்ளைக்கு வீட்டில் கேட்ட பேச்சிலேயே கதையும் கணக்கும் சொல்லித்தர அந்த ஊர்க்காரர் ஒருவரை வைத்தால் போதும். ஒடிசாவில் 21 பழங்குடி மொழிகளில் தொடக்க வகுப்புப் புத்தகமே போட்டிருக்கிறார்கள். மொழிக்காக உயிரைக் கொடுத்த மாநிலம் நம்முடையது. நாமல்லவா முதலில் செய்திருக்க வேண்டும்?

போன மாதம் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் அந்த நண்பனைப் பார்த்தேன். மகனோடு நின்றிருந்தான். பையனிடம் தமிழில்தான் பேசினான். "உங்க பேச்சு தெரியுமா இவனுக்கு?" என்று கேட்டேன்.

"பாட்டி பேசினா புரியும். நான்தான் பழக்கல. கிளாஸ்ல சிரிப்பாங்கல்ல" என்றான்.