ஏசி அறையில் ஊறல்

(மதுரை, திருநகர். ஆற்றில் இறங்கிய அழகர் மலைக்குத் திரும்பிவிட்டார். வெயில் மட்டும் திரும்புவதாக இல்லை. மாமா, மதுவிலக்குப் போலீஸ் பிரிவில் சிறப்பு எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். உசிலம்பட்டிப் பக்கம் அவர் உடைத்த ஊறல் பானைகளின் (கள்ளச்சாராயம் காய்ச்சப் புளிக்கவைத்த கலவை) கதையை அவர் வாயால்தான் கேட்க வேண்டும், வேறு யாரும் சொல்வதில்லை. மாப்பிள்ளை கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறார். கூடத்தில் சூட்கேஸ் திறந்து கிடக்கிறது.)

மாமா: என்ன மாப்பிள்ளை, இந்த அட்டைப்பெட்டிக்கு மட்டும் சுற்றிலும் துணி வைத்துப் பொத்திக் கொண்டுவந்திருக்கிறீர்கள்? பால்பவுடரா?

மாப்பிள்ளை: உங்களுக்குத்தான் மாமா, சர்ப்ரைஸ். வெள்ளை வைன் கிட். வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

(மாமா எழுந்துபோய் வாசற்கதவைச் சாத்துகிறார். யோசித்து, ஜன்னலையும் சாத்துகிறார்.)

மாமா: ம், இப்போது சொல்லுங்கள். மெதுவாக.

மாப்பிள்ளை: எல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது மாமா. சுண்டவைத்த திராட்சைச் சாறு ஒரு பை, ஈஸ்ட் ஒரு பொட்டலம், அப்புறம் சின்னச் சின்னதாகப் பொடிகள். தண்ணீர் விட்டு 4.5 லிட்டர் ஆக்கினால் ஆறு பாட்டில். அங்கே நாங்கள் வழக்கமாகப் போடுவது பெரிய கிட். 23 லிட்டர், 30 பாட்டில்.

மாமா: வழக்கமாகவா? அந்த வீட்டில்தான் என் மகளும் இருக்கிறாளா?

மாப்பிள்ளை: லேபிள் ஒட்டுவதே அவள்தான் மாமா.

மாமா: பேக்கிங் வரைக்கும் போயாச்சு! கும்பலில் மொத்தம் எத்தனை பேர்?

மாப்பிள்ளை: ஐயோ மாமா, கனடாவில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் வைன் செய்யலாம். விற்கத்தான் கூடாது.

மாமா: இங்கே 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம். ராஜாஜி சேலத்தில் ஆரம்பித்தது. நடுவில் திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். 2003-லிருந்து சில்லறைக் கடையையே அரசாங்கம் நடத்துகிறது. ஆனால் லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் ஒரு சொம்பு செய்தாலும் கேஸ்தான். அவர்கள் விற்கலாம், நீங்கள் வாங்கலாம், செய்யக் கூடாது.

மாப்பிள்ளை: இது சாராயம் இல்லையே. அடுப்பில் ஏற்றிக் காய்ச்சுவதே கிடையாது.

மாமா: அடுப்பில் ஏற்றாமல் வேறு என்ன செய்வீர்கள்?

மாப்பிள்ளை: நொதிக்க விடுவோம்.

மாமா: எதில்?

மாப்பிள்ளை: மூடி போட்ட ஜாடியில்.

மாமா: எத்தனை நாள்?

மாப்பிள்ளை: ஒரு வாரம், பத்து நாள். பிறகு தெளியவிட வேண்டும். எல்லாம் சேர்த்து நாலு வாரத்திலிருந்து ஆறு வாரம்.

மாமா: நுரை கட்டுமா?

மாப்பிள்ளை: கட்டும்.

மாமா: அப்புறம் என்ன? "மேற்படி மாப்பிள்ளையின் சூட்கேஸைச் சோதனையிட்டதில் 4.5 லிட்டர் ஊறலுக்கான மூலப்பொருள்கள்..." அத்தையைக் கூப்பிடட்டுமா, சாட்சிக் கையெழுத்துக்கு?

மாப்பிள்ளை: மாமா, அந்த ஊறலில் என்னென்ன போடுவார்கள்?

மாமா: வெல்லம், கருவேலம்பட்டை, அழுகின பழம். சீக்கிரம் புளிக்கட்டும் என்று வேறு சிலதும் போடுவான்கள். நீங்கள் இன்னும் சாப்பிடவில்லை, வேண்டாம்.

மாப்பிள்ளை: இங்கே எல்லாம் சுத்தம். ஜாடி, குழாய், கரண்டி எல்லாவற்றையும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் கரைசலில் அலசின பிறகுதான் தொடவே வேண்டும். ஸ்குவாஷ் பாட்டிலில் 224 என்று போட்டிருக்குமே, அதுதான். அப்புறம் முதல் வேலையாக ஜாடியில் பெண்டோனைட் கரைக்க வேண்டும்.

மாமா: அது என்ன?

மாப்பிள்ளை: ஒரு வகைக் களிமண். சாற்றில் இருக்கிற புரதத்தைப் பிடித்துக்கொண்டு அடியில் தங்கிவிடும். வைன் கலங்காது.

மாமா: கலங்காமல் இருக்க மண்ணைக் கரைக்கிறீர்கள். சரி. அந்த மண்ணையும் பிளேனில் ஏற்றிக்கொண்டு வந்தீர்களா? வைகையில் தண்ணீர்தான் மாப்பிள்ளை இல்லை, மண்ணுக்கு என்ன குறைச்சல்?

மாப்பிள்ளை: கடைசியில் இன்னொன்று போடுவோம், கைட்டோசான். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. மிதக்கிற ஈஸ்டை எல்லாம் இழுத்துக்கொண்டு கீழே போய்விடும்.

மாமா: இறால் ஓடா! அப்படியானால் வெள்ளிக்கிழமை தொட முடியாது.

மாப்பிள்ளை: மற்ற நாளில் தொடலாமா மாமா?

மாமா: (விறைப்பாக) விசாரணையில் எல்லாக் கோணத்திலும் கேட்க வேண்டும். திராட்சை எந்த ஊர்?

மாப்பிள்ளை: ரீஸ்லிங். ஜெர்மனியில் பிறந்த ரகம்.

மாமா: இதோ இருக்கிற கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். ஜெர்மன்காரன் திராட்சையைக் கனடாவில் வாங்கி, மதுரையில் தண்ணீர் விடப் பார்க்கிறீர்கள். ஆனாலும் ஒன்று, நம்முடையது கறுப்பு. வெள்ளை வைனுக்கு ஆகாது.

மாப்பிள்ளை: ஆகும் மாமா. நிறம் தோலில்தான் இருக்கிறது. பிழிந்த கையோடு தோலைத் தள்ளிவிட்டால் சாறு வெளிறித்தான் வரும். தோலோடு ஊறவிட்டால்தான் சிவப்பு.

(மாமா இதை மனசுக்குள் குறித்துக்கொள்கிறார். குறித்துக்கொள்வது முகத்தில் தெரிகிறது.)

மாமா: சரி, சரக்கு புளித்து முடிந்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாங்கள் சாராயத்தைத் தரையில் ஊற்றித் தீக்குச்சி கிழிப்போம். நீலமாக எரிந்தால் நயம் சரக்கு.

மாப்பிள்ளை: (நீளமான கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுக்கிறார்) இதுதான் ஹைட்ரோமீட்டர். வெறும் தண்ணீரில் மிதக்கவிட்டால் 1.000 காட்டும். சர்க்கரை இருக்கிற சாற்றில் 1.080 மாதிரி மேலே நிற்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இறங்கிக்கொண்டே வரும். 0.995-க்கு வந்து இரண்டு மூன்று நாள் அசையாமல் நின்றால் வேலை முடிந்தது. சுமார் 11 சதவீதம் ஆல்கஹால்.

மாமா: தீக்குச்சி கிழித்தால்?

மாப்பிள்ளை: குச்சி அணைந்துவிடும்.

மாமா: தீயே பிடிக்காத சரக்குக்கு ஆறு வாரமா!

மாப்பிள்ளை: ஒரே ஒரு சிக்கல் இருக்கிறது மாமா. ஜாடி இருக்கிற இடம் 18-லிருந்து 24 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் ஈஸ்ட் திணறும், வைனின் வாசனை கெடும். ரொம்பச் சூடானால் செத்தே போய்விடும்.

மாமா: வெளியே 40 டிகிரி. வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஏசி. அது எங்கே இருக்கிறது தெரியுமா? என் கட்டிலுக்கு மேலே.

மாப்பிள்ளை: அதைத்தான் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாமா: ஆண்டிபட்டிக் கணவாய் வரைக்கும் உச்சி வெயிலில் பூட்ஸோடு ஓடியிருக்கிறோம். எங்களை ஒருத்தரும் 24 டிகிரியில் வைக்கவில்லை. (திடீரென்று நிறுத்துகிறார்) அடேயப்பா! அதனால்தான் பானையை மண்ணுக்குள் புதைத்தான்களா? ஒளித்துவைக்க என்றே இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். குளுமைக்கும் சேர்த்துத்தான். கடப்பாரையால் குத்தித் தேடுகிற மும்முரத்தில் இது தோன்றவே இல்லை பாருங்கள்.

மாப்பிள்ளை: அவ்வளவு பெரிய கம்பியா? நாங்களும் கம்பி விடுவோம் மாமா. வைனில் அடைத்திருக்கிற வாயு வெளியேற வேண்டும் இல்லையா, டிரில்லிங் மெஷினில் ஒரு தண்டை மாட்டிக் கலக்குவோம்.

மாமா: சுவரில் ஓட்டை போடுகிற மெஷினா?

மாப்பிள்ளை: அதேதான். அதுவரைக்கும் ஜாடி மூடியில் ஒரு வளைந்த குழாய், அதற்குள் கொஞ்சம் தண்ணீர். உள்ளேயிருந்து வாயு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. புளுக் புளுக் என்று சத்தம் மட்டும் கேட்கும். ராத்திரியில் நன்றாகவே கேட்கும்.

மாமா: தலைமாட்டில் ஊறல் புளுக் புளுக் என்று கூப்பிடும், நான் போர்த்திக்கொண்டு தூங்க வேண்டும். வேலையில் இருந்தபோது மோப்பத்தை வைத்துத்தான் பிடித்தோம் மாப்பிள்ளை. இது தானே வாயைத் திறந்து காட்டிக்கொடுக்கிறது. எதிர்வீட்டில் யார் என்று தெரியுமா? இன்னும் பதவியில் இருக்கிற இன்ஸ்பெக்டர்.

மாப்பிள்ளை: அப்போ பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகட்டுமா?

மாமா: வந்த பொருளை எதற்குத் திருப்பி அனுப்ப வேண்டும்? பிரித்துவிடலாம். ஈஸ்ட் இல்லாவிட்டால் அது என்ன?

மாப்பிள்ளை: வெறும் திராட்சைச் சாறுதான்.

மாமா: ஐஸ் தண்ணீர் விட்டுச் சர்பத். ஈஸ்ட் உங்கள் அத்தைக்கு, ஆப்ப மாவில் போடட்டும். இறால் பொட்டலத்தை வெள்ளிக்கிழமைக்குள் வெளியே எறிந்துவிடுங்கள். களிமண் ரோஜாத் தொட்டிக்கு. (ஹைட்ரோமீட்டரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்க்கிறார்) இது... தண்ணீரில் 1.000 என்றீர்கள் அல்லவா? பாலில் விட்டால்?

மாப்பிள்ளை: நல்ல பால் 1.026-லிருந்து 1.032-க்குள் இருக்கும்.

மாமா: தண்ணீர் சேர்த்தால்?

மாப்பிள்ளை: இறங்கும். பாதிக்குப் பாதி என்றால் 1.015 பக்கம் வந்துவிடும்.

(வாசலில் சைக்கிள் மணி. "அம்மா, பால்!" மாமாவின் முதுகு நிமிர்கிறது. பனியனை இழுத்துவிட்டுக்கொள்கிறார்.)

மாமா: நீங்கள் கொல்லைப்பக்கம் போய் நில்லுங்கள். ஓடினால் மறியுங்கள்.

மாப்பிள்ளை: மாமா, அவர் பாவம், சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுக்கொண்டிருக்கிறார். எங்கே ஓடப்போகிறார்?

(மாமா சொம்பில் பாலை வாங்கிக் குழாயை மிதக்கவிடுகிறார். இருவரும் குனிகிறார்கள். பால்காரரும் ஆர்வமாகக் குனிகிறார்.)

மாப்பிள்ளை: 1.018.

மாமா: ஒரு வெள்ளைத்தாள் கொண்டுவாருங்கள். அடியில் கார்பனும் வையுங்கள்.

மாப்பிள்ளை: மாமா, நீங்கள் ரிடையர் ஆகிவிட்டீர்கள்.

மாமா: அவன் ஆகவில்லையே!