பேட் மாத்துனா மட்டும் போதாதுங்க

பழைய ஹெட்போன் வாங்கி பேட் (காதுல படற மெத்தை) மாத்துனாலே புதுசா ஆயிடும்னு கட்டுரைல எழுதியிருக்கீங்க, அது பாதிதான் சரி. சென்ஹைசர் எச்டி 414 எடுத்துக்கோங்க, 1968ல வந்தது, ஓப்பன் பேக்னு (காதுக்கு வெளிப்பக்கம் மூடாம திறந்திருக்கற ரகம்) முதல்ல கடைக்கு வந்ததே அதுதான், அந்த மஞ்சள் ஃபோம் பார்த்தாலே தெரியும். பழைய செட்ல அந்த ஃபோம் தொட்டா தூளா உதிரும், பரவால்ல, மாத்து ஃபோம் கிடைக்குது, ஆனா கைல கிடைச்ச ஸ்பான்ஜ வெட்டி ஒட்டிடாதீங்க, அடர்த்தி மாறுனா சத்தமும் மாறிடும், ட்ரெபிள் அமுங்கிடும்.

நீங்க சொல்லாம விட்டது இம்பீடன்ஸ், அதாவது ஹெட்போன் கரண்டுக்குக் காட்டற தடை, ஓம் கணக்குல சொல்வாங்க. எச்டி 414ஓட பழைய மாடல் 2000 ஓம்ங்க! போன்ல நேரா சொருகுனா சத்தம் கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரிதான் இருக்கும், உடனே டிரைவர் (உள்ள சத்தம் எழுப்பற குட்டி ஸ்பீக்கர்) போச்சுன்னு வித்தவன திட்ட ஆரம்பிச்சிடறாங்க. நல்ல ஹெட்போன் ஆம்ப்ல போட்டு கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க. சிலதுல டின் (DIN)ங்கற பழைய ரக பிளக் வேற இருக்கும், அதுக்கு அடாப்டர் தேடணும்.

வாங்கப் போறப்ப ஓம் அளக்கற மல்டிமீட்டர் எடுத்துட்டுப் போங்க, ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே ஓம் காட்டணும். ஒரு பக்கம் ஒண்ணுமே காட்டலன்னா பயப்படாம கேபிள கழட்டிட்டு (இதுல கழட்டலாம், அதான் எனக்குப் பிடிச்சதே) டிரைவர் பக்கம் நேரா வெச்சுப் பாருங்க, நிறைய தடவ ஒயர்தான் உள்ள அறுந்திருக்கும், பேரம் பேசவும் வசதி. டிரைவருக்குள்ள சுத்தியிருக்கற கம்பிச்சுருள், அதாவது காயிலே அறுந்திருந்தா மட்டும் விட்டுடுங்க, அந்த மெல்லிசுக் கம்பிய வீட்ல சால்டர் பண்றதெல்லாம் நடக்காத காரியம், டிரைவருக்காக இன்னொரு ஓட்டை செட் வாங்கறதுதான் வழி.