பெல்ட் அளவைச் சொல்லாமல் மெஷின் விற்காதீர்கள்

எமரிப் பட்டையைச் சுழலவிட்டு இரும்பைத் தேய்க்கிற பெல்ட் கிரைண்டரை விற்கிறவர்களே, பெல்ட்டின் நீளம் எவ்வளவு என்று ஒரு வரி எழுத உங்களுக்கு என்ன கேடு? 'ஹெவி டியூட்டி', 'இண்டஸ்ட்ரியல்', '1 ஹெச்பி காப்பர் வைண்டிங்' என்று பக்கம் பக்கமாக எழுதத் தெரிகிறது. கத்தி செய்யப் பழகுகிறவனுக்குத் தெரிய வேண்டியது பெல்ட் என்ன அளவு, என்ன வேகத்தில் ஓடும் என்பது. அது மட்டும் எங்கேயும் இருக்காது. போன் போட்டுக் கேட்டால், "நார்மல் சைஸ்தான் சார்." நார்மல் என்றால் எது?

கத்தி வேலைக்குப் பெரும்பாலும் எல்லோரும் வைத்திருப்பது 2 அங்குல அகலம், 72 அங்குல நீளம். மில்லிமீட்டர் கணக்கில் 50க்கு 1830. நல்ல செராமிக் பெல்ட் 36 கிரிட்டிலிருந்து (கிரிட் என்றால் சொரசொரப்பின் அளவு) வரிசையாக வருவது இந்த அளவில்தான். வாய்க்கு வந்த நீளத்தில் மெஷினைச் செய்து தள்ளிவிட்டால், வாங்கினவன் பெல்ட்டுக்கு எங்கே போவான்? எமரி கடையில் சொல்லி ஒட்டி வாங்க வேண்டும். ஒட்டு சரியில்லை என்றால் ஒவ்வொரு சுற்றிலும் டக் டக்கென்று இடிக்கும், அந்த இடி பிளேடில் வரிவரியாக விழும். மெஷினில் மிச்சம் பிடித்த காசு பெல்ட்டிலேயே போய்விடும்.

தெரிந்த தம்பி ஒருவன் அப்படி ஒன்றை வாங்கிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். வயிறு எரிந்தது. ஸ்விட்சைப் போட்டதும் பெல்ட் ஒரு பக்கமாக நகர்ந்து சட்டத்தை உரசுகிறது. பெல்ட்டை நடுவில் நிறுத்த வேண்டிய டிராக்கிங் திருகை எந்தப் பக்கம் திருப்பினாலும் நிற்கவில்லை. பெல்ட்டுக்குப் பின்னால் தட்டையாகத் தாங்க வேண்டிய பிளாட்டன் என்று வைத்திருப்பது வளைந்த தகரம். அதில் தேய்த்தால் பெவல், அதாவது கத்தி வாயை நோக்கிப் போகும் சரிவு, எப்படி நேராக வரும்? லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டு ஒன்றை வைத்துக் கொஞ்சம் அழுத்தினோம், மோட்டார் முனகி நின்றுவிட்டது. பெட்டி மேல் 1 ஹெச்பி என்று போட்டிருக்கிறது. மோட்டார் தகட்டில் 370 வாட்! 1 ஹெச்பி என்றால் 746 வாட். பாதியைக் கொடுத்துவிட்டு முழுசுக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த காசு அது.

வேகத்தில் நடப்பது இன்னொரு அநியாயம். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அங்கே 2 துருவ (2-pole) மோட்டார் நிமிடத்துக்கு 3450 சுற்று சுற்றும். இங்கே 50 ஹெர்ட்ஸ், 2880தான். அந்த ஊர்க் கணக்கை அப்படியே எடுத்துப் போட்டு விற்கிறார்கள். 2880க்கு, பெல்ட்டை இழுத்து ஓட்டுகிற டிரைவ் வீலை 4 அங்குலத்தில் போட்டால் பெல்ட் நிமிடத்துக்குச் சுமார் 3000 அடி ஓடும். முதலில் இரும்பைச் சீவித் தள்ள அது போதும். ஆனால் கத்தியைக் கடினமாக்கிப் பதம் போட்ட பிறகும் அதே வேகம் என்றால், கண்ணிமைக்கும் நேரத்தில் கத்தியின் வாய் நீலம் பாரித்துவிடும். நீலம் வந்தால் சூடு 300 டிகிரி பக்கம் போய்விட்டது, அந்த இடத்தில் பதம் போச்சு. வேகத்தைக் குறைக்க வழி வேண்டாமா?

மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற விஎஃப்டி போடலாமா என்று கேட்டால், "வீட்டில் சிங்கிள் பேஸ்தானே, த்ரீ பேஸ் மோட்டார் ஓடாது" என்று சாதிக்கிறார்கள். ஏன் ஓடாது? 230 வோல்ட் சிங்கிள் பேஸை வாங்கி த்ரீ பேஸாகக் கொடுக்கிற விஎஃப்டி கடையில் கிடைக்கிறது. அந்த வோல்ட்டுக்கு டெல்டா என்கிற இணைப்பு முறையில் கட்டக்கூடிய மோட்டாராகப் பார்த்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். சட்டத்தைப் பக்கத்து வெல்டிங் பட்டறையிலும் வீல்களை லேத்திலும் செய்துகொள்ளலாம். காசு கம்மி என்றால் அதில் சிக்கனம் பிடிக்கட்டும், மோட்டாரில் வேண்டாம்.

பழகுகிற தம்பிகளே, பெல்ட் அளவைச் சொல்லாத கடையில் வாங்காதீர்கள். விற்கிறவர்களே, பளபளவென்று பெயின்ட் அடித்த படத்தோடு அந்த மோட்டார் தகட்டையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.